ஒரு மீன் பெட்டி, ஒரு கேன் தண்ணீர், நாலு லெட்டூஸ்: சென்னை பால்கனியில் மண்ணில்லாச் சாகுபடி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு இதுதான். சென்னையில் இரண்டாம் மாடி வீடு. கிழக்குப் பார்த்த பால்கனி, காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை நேர் வெயில். குழாயில் வருவது போர் தண்ணீர். குடிக்க 20 லிட்டர் கேன். மோட்டார் இல்லை, காற்றுப் பம்பு இல்லை, டைமர் இல்லை. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, அதன் மூடியில் நாலு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ். இதே பெட்டியை மார்கழியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் வைத்தால் என்ன ஆகும், எது எதனால் கெடும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை ஆய்வாளராக இருந்த பெர்னார்ட் கிராட்கி செம்மைப்படுத்தியது. ஒரு லெட்டூஸுக்கு ஒரு 4 லிட்டர் பிளாஸ்டிக் கலன், அதில் ஊட்டக் கரைசல். நட்ட பிறகு அறுவடை வரை தண்ணீர் ஊற்றுவதில்லை. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இறங்கிய இடத்தில் காற்று வரும், அந்தக் காற்றில் வேர் மூச்சு விடும். பம்பு செய்யும் வேலையைச் செடியின் தாகமே செய்துவிடுகிறது.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, பி.வி.சி. குழாயில் வரிசையாக ஓட்டை போட்ட 36 செடி, 72 செடி ஸ்டாண்டை வாங்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாயில் ஓடுவது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. மதியம் கரண்ட் போய் மோட்டார் நின்றால், வெயிலில் சூடான குழாய்க்குள் இருக்கும் வேர் காய ஆரம்பிக்க அதிக நேரம் ஆகாது. 72 செடியும் ஒரே தொட்டித் தண்ணீரைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றுக்கு வேர் அழுகினால் மற்றதற்கும் பரவும். முதல் பயிருக்கு இத்தனை ஆபத்து தேவையில்லை. 20 லிட்டர் பெட்டி ஒன்று கெட்டால் நஷ்டம் நாலு செடி.

பெட்டி

உள்ளளவு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 19 செ.மீ. ஆழம் என்று கொள்வோம். 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 45 × 30 × 15 = 20,250 கன செ.மீ., அதாவது 20 லிட்டர் சொச்சம். ஒரு கேன் அப்படியே அடங்கிவிடும். உங்கள் பெட்டி வேறு அளவாக இருந்தால் இரண்டு கணக்கு மட்டும் தப்பக்கூடாது: செடிக்குக் குறைந்தது 4 லிட்டர், செடிக்கும் செடிக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. இந்தப் பெட்டியில் செடிக்கு 5 லிட்டர் வருகிறது. சென்னைக் காற்றுக்கு அந்தக் கூடுதல் ஒரு லிட்டர் வேண்டும்.

தெர்மாகோலின் பெரிய பலன் சூடு ஏறாதது. கறுப்பு வாளியை வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளிக்காற்றையும் மிஞ்சிக் கொதிக்கும். வெள்ளைத் தெர்மாகோல் சூட்டைத் தடுத்து நிறுத்தும். இரண்டு குறைகளும் உண்டு. ஒன்று, வெள்ளைத் தெர்மாகோல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும், அது பாசிக்குப் போதும். இரண்டு, பழைய பெட்டி மெதுவாகக் கசியும். கறுப்பு பாலித்தீன் தாளை இரண்டு மடிப்பாக உள்ளே விரித்து, ஓரத்தை வெளியே மடித்து டேப் ஒட்டினால் இரண்டு குறையும் தீரும். மீன் வாடை போக, விரிப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

செடியைத் தாங்க 3 அங்குல நெட் பாட், அதாவது பக்கமெல்லாம் சல்லடையாக இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். அதன் உயரம் ஏறக்குறைய 7.5 செ.மீ. மூடியின் தடிமன் 2.5 செ.மீ. என்றால் கிண்ணம் மூடிக்குக் கீழே 5 செ.மீ. தொங்கும். தண்ணீர் மட்டம் மூடிக்கு 4 செ.மீ. கீழே. ஆக, கிண்ணத்தின் அடி 1 செ.மீ. மட்டும் நனைகிறது. இந்த 1 செ.மீ. முக்கியம். தொடாவிட்டால் நாற்று காயும்; பாதிக் கிண்ணம் முங்கினால் தண்டு அழுகும். ஓட்டை போட, பழைய தகர டின்னின் விளிம்பை மூடிமேல் அழுத்தித் திருகினால் சுத்தமாக வெட்டும். சூடான கம்பியால் உருக்க வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல. நாலு ஓட்டையோடு மூலையில் ஐந்தாவதாகப் பென்சில் நுழையும் அளவு ஒன்று போட்டு, தெர்மாகோல் துண்டு குத்திய ஜூஸ் உறிஞ்சுகுழலை அதில் மிதக்க விடுங்கள். குழல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் மட்டம் தெரியும், மூடியைத் தூக்க வேண்டாம். இந்தப் பெட்டியில் 1 லிட்டர் குறைந்தால் மட்டம் ஏறக்குறைய 7 மி.மீ. இறங்கும்.

தண்ணீர்

ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாச் சாகுபடி, என்றதும் எல்லோரும் உரத்தைத்தான் கேட்கிறார்கள். சென்னையில் முதல் கேள்வி தண்ணீராக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனிதன் பொறுத்துக்கொள்வான். லெட்டூஸுக்கோ உரம் எல்லாம் கலந்த பிறகே மொத்தம் 700 அளவில்தான் நிற்க வேண்டும். போர் தண்ணீரே 900 காட்டினால் உரத்துக்கு அதில் இடம் எங்கே?

கடலோர போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல் சோடியம். செடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தண்ணீரை மட்டும் குடிக்கிறது. 20 லிட்டர் 5 லிட்டராகச் சுருங்கும்போது அதே சோடியம் கால் பங்குத் தண்ணீரில் நிற்கும், ஏறக்குறைய நாலு மடங்கு அடர்த்தி. ஓடும் அமைப்பில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம், இதில் மாற்றுவதில்லை. எனவே தொடக்கத்தில் கொஞ்சமாகத் தெரியும் உப்பு கடைசி இரண்டு வாரத்தில் இலை ஓரத்தைக் கருக்கும்.

மூன்றாவது, காரத்தன்மை. கடினத் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். பி.எச். அளவை 6-க்குக் கொண்டுவர அதை அமிலத்தால் அடக்க வேண்டும். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. என்றால், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் லிட்டருக்கு 0.18 மி.லி. அளவில் தேவைப்படும். சின்ன அளவுதானே என்று தோன்றும். ஆனால் அதிலிருந்தே பாஸ்பரஸ் 80 பி.பி.எம். (லிட்டருக்கு 80 மி.கி.) வந்துவிடும், லெட்டூஸுக்குத் தேவை 30 முதல் 50. எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் இன்றைக்கு இறக்கும், இரண்டு மூன்று நாளில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட பி.எச். பழையபடி ஏறிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் எளிய விடை, உப்பில்லாத தண்ணீரில் தொடங்குவது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. செய்யப்பட்டதுதான், டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்து 100-க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, ஆனால் சுருளில் படிந்த தூசும் வழவழப்பும் சேர்ந்து வரும். துணியில் வடிகட்டி, கேன் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் இதற்கு ஊற்றாதீர்கள். வீணாகப் போகிறதே என்ற மனக்குறை எல்லோருக்கும் உண்டு, ஆனால் இயந்திரம் பிரித்து எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரைக் கொஞ்சமாவது சேர்க்க வேண்டுமானால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர். 900-ம் 50-ம் இப்படிக் கலந்தால் 260 சொச்சம் வரும். அந்தக் கலவையில் கொஞ்சம் சுண்ணாம்பும் மக்னீசியமும் இலவசமாகக் கிடைக்கிறது. காரத்தன்மையும் கட்டுக்குள் இருக்கும்.

உரம்

உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் 19 சதவீதம்) நீரில் கரையும், விலையும் குறைவு, அதனால் பலர் அதையே போடுகிறார்கள். மூட்டையின் பின்பக்கம் படித்தால் தெரியும்: அதிலுள்ள 19 சதவீத நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவம். மண்ணில் பாக்டீரியா அதை உடைத்து நைட்ரேட் ஆக்கித் தரும். கேன் தண்ணீரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. கால்சியமும் அதில் கிடையாது. செடி பத்து நாள் பச்சையாக நிற்கும், பிறகு நின்றுவிடும்.

வேண்டியவை நாலு உப்பும் ஒரு நுண்ணூட்டக் கலவையும். கால்சியம் நைட்ரேட், 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட் என்ற எப்சம் உப்பு, இரும்பு கீலேட்டும் (இரும்பு மண்டியாகாமல் கரைசலிலேயே நிற்கும்படி பிடித்துவைக்கும் சேர்மம்) மற்ற நுண்ணூட்டங்களும்.

20 லிட்டருக்குச் சில உப்பு 4 கிராம் அளவில்தான் வேண்டும், அதைச் சரியாக நிறுக்கச் சமையலறைத் தராசால் முடியாது. ஒரு கிராம் பிசகினாலே கால் பங்கு தப்பு. அதனால் 100 மடங்கு அடர்த்தியில் இரண்டு பாட்டில் தயாரித்து வைப்பது வழக்கம்.

ஏ பாட்டில்: 1 லிட்டரில் கால்சியம் நைட்ரேட் 80 கிராம். அதோடு 12 சதவீத ஈ.டி.டி.ஏ. வகைக் கீலேட் இரும்பு 1.7 கிராம் (6 சதவீத ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பானால் 3.3 கிராம்).

பி பாட்டில்: 1 லிட்டரில் பொட்டாசியம் நைட்ரேட் 30 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மக்னீசியம் சல்பேட் 40 கிராம். இரும்பு தவிர்த்த மற்ற நுண்ணூட்டங்கள் பாக்கெட்டில் சொன்ன அளவு. போரான் மாதிரி சத்துகள் செடிக்குப் போகும் கரைசலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவோ அதற்கும் குறைவாகவோதான் வேண்டும் என்பதால் தனித்தனியாக வாங்கி நிறுக்கப் பார்க்காதீர்கள், கலவையாகவே வாங்குங்கள்.

ஏ-யும் பி-யும் அடர்த்தியாக இருக்கும்போது கலந்தால் கால்சியம் அங்கேயே சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு வெள்ளை மண்டியாக அடியில் உட்காரும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 20 லிட்டர் தண்ணீரில் முதலில் பி, நன்றாகக் கலக்கிய பிறகு ஏ என்று ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

லிட்டருக்கு ஏ 10 மி.லி., பி 10 மி.லி. என்றால் முழு வலிமை. அதில் நைட்ரஜன் 163, பாஸ்பரஸ் 45, பொட்டாசியம் 168, கால்சியம் 150, மக்னீசியம் 38 பி.பி.எம். இருக்கும். நமது பெட்டிக்கு 8 மி.லி. வீதம் போதும்: 20 லிட்டருக்கு ஏ 160 மி.லி., பி 160 மி.லி. ஈ.சி., அதாவது கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, ஏறக்குறைய 1.4 மில்லிசீமென்ஸ் வரும். டி.டி.எஸ். பேனாவில் பார்த்தால் 700. இங்கே ஒரு பொறி உண்டு: சில பேனாக்கள் ஈ.சி.யை 500-ஆல் பெருக்கிக் காட்டும், சில 700-ஆல். ஒரே கரைசல் ஒன்றில் 700, மற்றொன்றில் 980. பேனா எந்தக் கணக்கு என்று தெரியாமல் இணையத்தில் படித்த எண்ணுக்குச் சரிசெய்தால் உரம் ஏறும், அல்லது குறையும். ஈ.சி. காட்டும் பேனா வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

கால்சியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னைப் புழுக்கத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் கூழாகிவிடும். அப்புறம் நிறுக்கிற 80 கிராமில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியாது. வாங்கிய அன்றே இறுக்கமான டப்பாவில் மாற்றுங்கள். இரும்பு கீலேட் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் ஏ பாட்டில் இருட்டில் இருக்கட்டும்.

கேன் தண்ணீரில் இந்தக் கலவையின் பி.எச். பெரும்பாலும் 5.5-க்கும் 6.3-க்கும் நடுவில் தானாகவே வந்து நிற்கும், அமிலம் தேவைப்படாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் போதுமானது. எலெக்ட்ரானிக் பி.எச். பேனாவின் முனையைக் காயவிட்டால் அது பொய் சொல்ல ஆரம்பிக்கும். தொடங்குகிறவர்களுக்கு அது சரிப்பட்டு வராது.

மார்கழி ஓட்டம்

டிசம்பர் முதல் வாரத்தில், கார்த்திகை இருபது வாக்கில் விதை. 2.5 செ.மீ. ஸ்பாஞ்சுத் துண்டை நனைத்து, நடுவில் கீறி, கீறலின் வாயிலேயே ஒரு விதை. லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும், ஆழத்தில் புதைத்தால் வராது. 30 டிகிரியை நெருங்கும் சூட்டில் அது முளைக்காமல் உறங்கிவிடும். ஈர ஸ்பாஞ்சோடு இரண்டு நாள் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்து எடுத்தால் ஒரே சீராக முளைக்கும். முளை தெரிந்த அன்றே வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நூல் மாதிரி நீண்டு சாயும், பிறகு அது தேறாது. முதல் உண்மை இலை வந்ததும் பாதி வலிமைக் கரைசலில் ஸ்பாஞ்சை நனைத்து வாருங்கள்.

ஸ்பாஞ்சுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு எடுத்தால் ஒரு எச்சரிக்கை. அதில் உப்பு மிச்சம் இருக்கும். கழுவிப் பிழிந்த தண்ணீரின் ஈ.சி. 0.5-க்குக் கீழே வரும் வரை அலச வேண்டும். சந்தையில் கிடைக்கும் எல்லாக் கட்டியும் ஒன்றல்ல.

இரண்டு வாரத்தில் மூன்று நாலு இலையும் ஸ்பாஞ்சுக்குக் கீழே வேரும் தெரியும். கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பி, பெட்டி மூடியில் பொருத்திவிடுங்கள். இனி வேலை, குழல் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது மட்டும்.

முதல் பத்து நாள் மட்டம் அசைவதே தெரியாது. இந்தக் கட்டத்தில்தான் கை பரபரக்கும், உரம் கொஞ்சம் கூட்டலாமா என்று தோன்றும். வேண்டாம். மூன்றாவது வாரத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு மி.மீ., ஐந்தாவது வாரத்தில் நாலும் ஐந்துமாக இறங்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் இரண்டு விதமாக இருக்கும். மேலே, காற்றில் இருக்கும் பகுதி குட்டையாக, பஞ்சு மாதிரி மயிர்விட்டு வெள்ளையாக இருக்கும். கீழே, தண்ணீரில் இருக்கும் பகுதி நீளமாக, வழவழவென்று. மேல் வேர் காற்றை எடுக்கிறது, கீழ் வேர் தண்ணீரை எடுக்கிறது. இந்த முறையின் உயிர் அந்த மேல் வேரில் இருக்கிறது.

பெட்டியில் வைத்து ஆறு வாரம், தை நடுவில், அதில் 4 லிட்டர் சொச்சம் மிஞ்சியிருக்கும்போது அறுவடை. நாலு செடியும் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்கு எதிர்பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதைவிட மலிவா என்றால், முதல் பெட்டியில் இல்லை. ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட் இந்த அளவில் எழுபத்தெட்டு பெட்டிக்கு வரும். செலவு அப்போதுதான் கரையும்.

எங்கே கெடுகிறது

முதல் இடத்தில் நிற்பது நல்லெண்ணம். மட்டம் பாதியாக இறங்கியதைப் பார்த்து, ஐயோ பாவம் என்று பழைய மட்டம் வரை ஒரு குடம் ஊற்றிவிடுவார்கள். காற்றுக்கென்று வளர்ந்த மேல் வேர் மொத்தமும் முங்கிவிடும். அந்த வேரால் தண்ணீருக்குள் உடனே மூச்சுவிட முடியாது. அடுத்த நாள் நடுப்பகலில், பெட்டி நிறையத் தண்ணீர் இருக்க, இலை தொங்கும். தொங்குகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள். செய்ய வேண்டியது தலைகீழ்: 4, 5 செ.மீ. அளவுக்குக் கரைசலை வெளியே எடுத்துவிட்டால், வேர் இன்னும் வெள்ளையாக இருந்தால், இரண்டு மூன்று நாளில் நிமிரும். தண்ணீர் உண்மையிலேயே போதாமல் 2 லிட்டருக்கும் கீழே போனால், 3 செ.மீ. உயரம் கூடும் அளவுக்குப் பாதி வலிமைக் கரைசல் ஊற்றலாம். அதற்கு மேல் கூடாது.

மழையும் இதே வேலையைச் செய்யும். சென்னையில் லெட்டூஸ் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்து வருகின்றன. ஒரு ராத்திரிச் சாரலில் மூடி வழியாக 3 லிட்டர் உள்ளே போனால் மட்டம் 2 செ.மீ. ஏறும், உரமும் நீர்த்துப் போகும். பெட்டியின் பக்கச் சுவரில், தொடக்க மட்டத்துக்கு அரை செ.மீ. மேலே, ஒரு சின்ன வழிவு ஓட்டை போட்டுக் கொசுவலைத் துண்டை ஒட்டுவது கொஞ்சம் காப்பாற்றும். ஓட்டம் பாதி கடந்த பிறகு அதுவும் உதவாது. பெட்டியைச் சுவரோரம் நகர்த்தத்தான் வேண்டும்.

கொசுவலை என்றதும் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆறு வாரம் அசையாமல் நிற்கும் 20 லிட்டர் அதற்குக் கிடைத்த சத்திரம். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் டார்ச் அடித்துப் பார்க்கும் இடங்களில் இந்தப் பெட்டியும் ஒன்றாக ஆகக்கூடாது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். கிண்ணத்தின் விளிம்புக்கும் ஓட்டைக்கும் இடைவெளி இருக்கக்கூடாது. காலி ஓட்டை ஒன்றுகூட வேண்டாம். குழல் போகும் ஓட்டையில் பஞ்சு அடைத்துவிடலாம்.

புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு போதவில்லை. இரும்பு போடவில்லை என்று அர்த்தமல்ல, பெரும்பாலும் பி.எச். 6.5-ஐத் தாண்டியிருக்கும், அங்கே ஈ.டி.டி.ஏ. கீலேட் இரும்பைக் கைவிட ஆரம்பிக்கும். இன்னும் இரும்பு ஊற்றாமல் பி.எச்.ஐ இறக்குங்கள், அல்லது காரத்தைத் தாங்கும் ஈ.டி.டி.எச்.ஏ. கீலேட்டுக்கு மாறுங்கள். கரைசல் அதில் இளஞ்சிவப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இதே மாதிரி நரம்பிடை வெளிறல் அடி இலையில் வந்தால் அது மக்னீசியக் குறை. செடி மக்னீசியத்தைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும், இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது. எந்த இலை என்று பார்த்துவிட்டு அப்புறம் பாட்டிலைத் தொடுங்கள்.

நடுவில் சுருண்டிருக்கும் குருத்து இலையின் ஓரம் கருகுவது வேறு கதை. கால்சியம் குறை என்று எல்லாக் கையேடும் சொல்லும். கரைசலில் கால்சியம் வேண்டிய மட்டும் இருந்தும் இது வரும். நீர் ஆவியாகும் இழுப்பில்தான் கால்சியம் இலைக்கு ஏறுகிறது. மூடிய குருத்துக்குள், அதுவும் மார்கழி ஈரக்காற்றில், ஆவியாவதே இல்லை. ஒரு சின்ன விசிறி காற்று வீசினால் தீருகிற நோய்க்குப் பலர் உரம் ஏற்றுகிறார்கள்.

அசுவினிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், இரண்டு துளி சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. பெட்டியைத் தரையில் வைத்தால் எறும்பு தெர்மாகோலைக் குடைந்து குடியேறும், எலி கடிக்கும். நாலு செங்கல் போட்டு உயர்த்திவிடுங்கள்.

சித்திரை ஓட்டம்

இதே பெட்டி, இதே உரம், இதே விதை, ஏப்ரல் நடுவில். வெளியே 35, 36 டிகிரி. தெர்மாகோல் பகல் உச்சியைத் தணித்தாலும் ராத்திரியும் 27, 28-க்குக் கீழே இறங்காத ஊரில் கரைசல் 30-க்கு மேலேயே நிற்கும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30-இல் 7.6 மட்டும், 35-இல் 7-க்கும் கீழே. வரவு குறைகிறது. அதே நேரம் பத்து டிகிரி ஏறினால் வேரின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சுத் திணறும் வேரைப் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற உயிரி பிடித்துக்கொள்ளும். வேர் பழுப்பாகி, தொட்டால் உறை கழன்று நூல் மட்டும் கையில் வரும், நாற்றமும் வரும். தப்பிய செடியும் முப்பது நாளில் பூந்தண்டு விட்டு, கசந்து, பால் வடியும்.

ஐஸ் பாட்டில் போட்டுக் காப்பாற்றலாம் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 34 டிகிரியில் உள்ள 20 லிட்டரில் 1 லிட்டர் உறைந்த பாட்டில் ஒன்றை முக்கினால், ஐஸ் முழுக்க உருகி முடியும்போது 28 அல்லது 29. ஐந்து டிகிரி இறங்குகிறது. மறுநாள் பகலில் பழையபடி 34. தினம் ஒரு பாட்டில், ஆறு வாரம், நாலு செடிக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் ஒரு நாள் வைத்தியம். காற்றுப் பம்பு வைத்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் பம்பு உள்ளே தள்ளுவதும் அதே 36 டிகிரிக் காற்றைத்தான்.

செடியை மாற்றுவதுதான் வழி. வள்ளைக் கீரை, இலங்கையில் கங்குன் என்பார்களே, அது பிறவியிலேயே நீர்த்தாவரம். உள்ளே பொள்ளலான தண்டு. இலையிலிருந்து வேருக்குக் காற்றை அதுவே இறக்கிக்கொள்ளும். சூடு ஏற ஏற வளரும். கட்டிலிருந்து நல்ல தண்டுகளை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, வெறும் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வேர் விடும். பிறகு கிண்ணத்துக்கு இரண்டு தண்டாகப் பெட்டியில் எட்டு. இதற்கு மட்டம் நிரப்பக்கூடாது என்ற விதியும் தளர்கிறது, அதன் வேர் முங்குவதற்குப் பழகியது. சித்திரை வெயிலில் இந்த எட்டுத் தண்டும் வளர்ந்தபின் நாளுக்கு ஒரு லிட்டரைத் தாண்டிக் குடிக்கும் என்பதால் எப்படியும் நிரப்பத்தான் வேண்டும். லிட்டருக்கு ஏ 4, பி 4 மி.லி. வீதம் கலந்து ஊற்றினால் உப்பு ஏறாது. நாலு வாரத்தில் அடியில் இரண்டு கணு விட்டு முதல் அறுப்பு, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. புதினாவும் இதே மாதிரி கட்டிலிருந்தே வேர்விடும், ஆனால் சித்திரையில் 50 சதவீத நிழல் வலை கேட்கும். மட்டத்தை முழுக்க நிரப்பினால் பொறுக்காது.

ஒவ்வோர் ஓட்டமும் முடிந்ததும் மிஞ்சும் கரைசலை அடுத்த பயிருக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எந்த உப்பு தீர்ந்தது, எது தேங்கியது என்று ஈ.சி. பேனா சொல்லாது, மொத்தத்தைத்தான் சொல்லும். மண் தொட்டியில் இருக்கும் செம்பருத்திக்கோ கறிவேப்பிலைக்கோ இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றிவிடுங்கள். பெட்டி, கிண்ணம், களிமண் உருண்டை மூன்றையும் லிட்டருக்கு 10 மி.லி. ப்ளீச் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலப் பாட்டிலை அப்போது அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஸ்பாஞ்சைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, வேர் அதற்குள் பின்னிக்கிடக்கும்.